றெகுலேற்றரில் பழுது இல்லை

மச்சான்,

இன்று காலை விடத்தல்தீவிலிருந்து ஒரு சுழியோடி என் பட்டறைக்கு வந்தான். பையைத் திறந்து றெகுலேற்றரை எடுத்து மேசையில் வைத்தான். சிலிண்டரிலிருந்து வாய்க்குக் காற்றுக் கொடுக்கிற அந்தச் சின்னச் சாமானில் உப்பும் பழைய றப்பரும் ஆளின் எச்சிலும் கலந்து ஒரு மணம் வரும். உனக்குத் தெரியாத மணமா? "காத்து இறுக்கமா வருது அண்ணை, ஒருக்காப் பாருங்கோ" என்றான்.

நான் அதைத் தொடவில்லை. காற்சட்டையை முழங்காலுக்கு மேலே சுருட்டச் சொன்னேன்.

"றெகுலேற்றர் பழுது எண்டுதான் வந்தனான்."

"தெரியும். சுருட்டு."

இரண்டு காலையும் ஒட்டி வைக்கச் சொல்லி, தையல்கார நாடாவால் பின்சதையைச் சுற்றி அளந்தேன். இடதும் வலதும் ஒன்று. விரலால் அமத்திப் பார்த்தேன். குழி விழவில்லை, சூடும் இல்லை. மூச்சை உள்ளே இழுக்கும்போது எங்காவது குத்துகிறதா, படி ஏறினால் நெஞ்சு அடிக்கிறதா, இருமினால் சளியில் இரத்தம் தெரிகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். அவனுக்கு ஒன்றும் இல்லை. அதற்குப் பிறகுதான் றெகுலேற்றரைக் கழற்றினேன். உள்ளே மண். கழுவிப் பூட்டி, அழுத்தம் பார்த்துக் கொடுத்தேன். வாசலில் நின்ற கூட்டாளியிடம் அவன் சொல்லிக்கொண்டு போனது கேட்டது. "இவருக்கு மண்டை கழண்டிட்டுது போல."

கழலவில்லை. நான் ஒன்றேகால் வருடம் பிந்திவிட்டேன், அவ்வளவுதான்.

உனக்குக் கடிதம் எழுதுகிற ஆள் நான் இல்லை. நீ இருந்த காலத்தில் தொலைபேசியில்கூட ஒரு முழு வசனம் அனுப்பியதில்லை. 'வா', 'எங்க நிக்கிறாய்', 'சிலிண்டர் நிரப்பியாச்சு', இவ்வளவுதான் நான் உனக்கு எழுதியவை. இன்று எழுதுகிறேன் என்றால் காரணம் இருக்கிறது. அந்த நாளைப் பற்றித் தங்கச்சியிடம் ஒரு பொய் சொல்லி வைத்திருந்தேன். போன ஞாயிறு அதை எடுத்துவிட்டேன். எடுத்த பிறகு உள்ளே என்ன மிஞ்சிக் கிடக்கிறது என்று உன்னிடம்தான் சொல்லலாம். மற்றவர்கள் ஆறுதல் சொல்வார்கள். எனக்கு ஆறுதல் கேட்டால் எரிச்சல் வருகிறது.

நீ இந்தியாவில் மண்டபம் அகதி முகாமில் பிறந்து, இருபத்திரண்டு வயதில் பேசாலைக்கு வந்து இறங்கியவன். வந்த முதல் கிழமை என் பட்டறை வாசலில் நின்று "இங்க காத்து அடிச்சுக் குடுப்பீங்களா?" என்று கேட்டாய். சைக்கிளுக்கா என்று நான் கேட்டேன். சிலிண்டரைக் காட்டினாய். கதைக்கிற ஒவ்வொரு வசனத்துக்கும் ஓர் 'ஆமா' போட்டாய். ஓம் என்று சொல்லப் பழகும்வரை உனக்குச் சிலிண்டர் நிரப்பித் தரமாட்டேன் என்று சொன்னேன். நீ யோசித்துவிட்டு, "ஆமாண்டா, ஓம்" என்றாய். நான் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தேன். அன்றைக்குப் பிடித்தது நம் கூட்டு. இரண்டு வருடம் கழித்து என் தங்கச்சியைக் கேட்டு வந்தபோது, முதலில் அவளிடம் கேட்டுவிட்டுப் பிறகு என்னிடம் வந்தாய் என்பதற்காக ஒரு கிழமை உன்னோடு கதைக்காமல் இருந்தேன். அந்த ஒரு கிழமையும் நீ வழமைபோலச் சிலிண்டரைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, நிரம்பியதும் எடுத்துக்கொண்டு போனாய். ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் ஒவ்வொரு நாளும் மேசையில் இரண்டு கடலட்டையை வைத்துவிட்டுப் போனாய். அது வெளிநாட்டுக்கு விற்கிற சாமான், நாங்கள் தின்பதுமில்லை. அந்த வழவழப்பை நான்தான் துடைக்க வேண்டியிருந்தது.

கால் உடைந்த நாளிலிருந்து சொல்ல வேண்டும். படகைத் தள்ளி இறக்கும்போது அலை திருப்பி அடித்து, அதன் முன்பக்க அணியம் உன் இடது கணுக்காலில் ஏறியது. ஆறு கிழமை பிளாஸ்டர். விரல்களை ஆட்டிக்கொண்டிருக்க வேண்டும், தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும், பிடித்துக்கொண்டாவது கொஞ்சம் நடக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லித்தான் அனுப்பினார்கள். நீ முற்றத்தில் ஒரு கதிரையில் இருந்துகொண்டு இன்னொரு கதிரையில் காலைப் போட்டு, மடியில் உன் மகள் சின்னவளை வைத்துக் கிரிக்கெட் பார்த்தாய். நான் வந்து போகும்போதெல்லாம் ராசா எப்படி என்று கேட்பேன். "ராஜாவுக்குக் காலு அரிக்குதுடா, ஒரு கம்பி குடு" என்பாய்.

பிளாஸ்டரை வெட்டியபோது கால் வாடிப்போயிருந்தது. கணுக்காலில் கொஞ்சம் வீக்கம் இருந்து, அதுவும் வற்றியது. சோழகக் காற்று ஓய்ந்து தெற்குக் கடல் தெளிந்த நேரம் அது. மற்றப் படகுகள் சாக்குச் சாக்காக அட்டை கொண்டுவந்தன. நீ பொறுக்கவில்லை. இரண்டு கிழமையில் கடலுக்கு இறங்கிவிட்டாய்.

அந்தக் கிழமைதான் தங்கச்சி பட்டறைக்கு என் மதியச் சாப்பாட்டைக் கொண்டுவந்தவள், வைத்துவிட்டுப் போகாமல் நின்றாள். நான் கொம்பிறசருக்குக் கீழே மல்லாந்து கிடந்தேன். எனக்குத் தெரிந்தது அவளுடைய செருப்பு மட்டும்தான். "அண்ணா, அவரின்ர இடது கால் திரும்ப வீங்குது" என்றாள். "வத்தினது. இப்ப பின்சதை முழுக்க ஏறி நிக்குது, தொட்டாச் சுடுது. வலது கால் அப்பிடி இல்லை. ஆஸ்பத்திரிக்கு ஒருக்காக் கூட்டிக்கொண்டு போறியா?"

நான் கீழிருந்தபடியே சொன்னேன்: "உடைஞ்ச கால் வீங்காம என்ன செய்யும்? ஓடுற எஞ்சின் சுடும், வேலை செய்யிற கால் சுடும். நீ போ பிள்ளை."

செருப்பு கொஞ்ச நேரம் நின்றது. பிறகு போய்விட்டது.

நான் வெளியேகூட வரவில்லை, மச்சான். ஒரு நட்டு இறுகாமல் கிடந்தது. அந்த நட்டு எது என்று இன்றைக்கும் கேட்டால் காட்டுவேன்.

பிறகு நீ றெகுலேற்றரைக் கொண்டுவந்தாய். காற்று இறுக்கமாக வருகிறது, எவ்வளவு இழுத்தாலும் போதவில்லை என்று சொன்னாய். கழற்றினேன். ஒன்றுமில்லை. வாய்த்துண்டு பழசாக இருந்தது, மாற்றினேன். இரண்டு நாளில் திரும்ப வந்தாய். உள்ளே இருக்கிற றப்பர்த் தகட்டை மாற்றி, இறுக்கத்தைச் சரிபார்த்து, மானியில் போட்டுக் காட்டினேன். ஊசி நிற்க வேண்டிய இடத்தில் நின்றது. மூன்றாம் முறை வந்தபோது எனக்குக் கோபம். ஒரு சாமானை மூன்று தரம் திறந்து பழுது கண்டுபிடிக்க முடியாவிட்டால் தொழில் தெரிந்தவனுக்கு அது அவமானம். உனக்கு முன்னாலேயே அதை என் வாயில் வைத்து இழுத்தேன். காற்று நன்றாக வந்தது. மேசையில் போட்டுவிட்டுச் சொன்னேன்: "றெகுலேற்றர் சரி. ஆள்தான் பழுது."

நீ சிரித்தாய். சிரிக்கும்போது இருமல் வந்தது. மேசையைப் பிடித்துக்கொண்டு நின்று இருமினாய்.

என் வாயாலேயே சொல்லியிருக்கிறேன். இதைவிடச் சரியாக எந்த டொக்டரும் சொல்லியிருக்க முடியாது. சொல்லிவிட்டு நான் அடுத்தவனுடைய சிலிண்டரை எடுத்தேன்.

அந்தக் கிழமையைத் திரும்பிப் பார்த்தால் எல்லாம் பச்சையாகத் தெரிகிறது. கரையில் உள்ள வாடிக் கொட்டிலிலிருந்து படகுவரை ஐம்பது அடி இருக்குமா? அந்தத் தூரத்தில் சிலிண்டரை இரண்டு இடத்தில் இறக்கி வைத்தாய். ஆறு கிழமை இருந்து தின்ற உடம்பு என்று நாங்கள் பகிடி பண்ணினோம். நீயும் ஒப்புக்கொண்டாய். ஞாயிறு பூசையில் முழந்தாளிலிருந்து எழும்பியபோது கண் இருண்டு முன்னாலிருந்த மர வாங்கைப் பிடித்தாய். நற்கருணைக்காகச் சாப்பிடாமல் வந்ததால் என்று சொன்னோம். இரவில் தலையணையை இரண்டாக அடுக்கிப் படுத்தாய் என்று தங்கச்சி பிறகுதான் சொன்னாள். ஒவ்வொன்றுக்கும் எங்களிடம் ஒரு பதில் ஆயத்தமாக இருந்தது. ஒன்றையும் ஒன்றோடு சேர்த்துப் பார்க்கவில்லை. ஓர் எஞ்சின் மூன்று விதமாகச் சத்தம் போட்டால் மூன்றுக்கும் ஒரே காரணம் இருக்கும் என்றுதான் நான் முதலில் தேடுவேன். படித்தது அப்படித்தான். மனிதனுக்கு அதைச் செய்யத் தோன்றவில்லை.

அன்றைக்கு நானும் படகில் வந்ததற்குக் காரணம் உன்மேல் அக்கறை அல்ல. என் வேலையில் குறை இல்லை என்று கடலில் வைத்துக் காட்ட வேண்டும் என்பதுதான். "நானும் வாறன், ஆர் பொய் சொல்லுறது எண்டு பாப்பம்" என்று ஏறினேன். படகு நிசார் நானாவுடையது. நீ, நான், அவர், மூன்று பேர்தான். கடல் கண்ணாடிமாதிரி இருந்தது.

ஏழு பாகத் தண்ணீரில், நாற்பது அடிக்கு மேலான ஆழத்தில், இருபது நிமிடம் இருந்துவிட்டு மேலே வந்தாய். படகின் விளிம்பைப் பிடித்தாய், ஏறவில்லை. விளையாடுகிறாய் என்று நினைத்தேன். நிசார் நானாதான் முதலில் உன் முகத்தைப் பார்த்தார். இரண்டு பேரும் சேர்ந்து இழுத்துப் போட்டோம். வலது விலாவுக்குக் கீழே கையை வைத்துக்கொண்டு, "இங்க குத்துதுடா" என்றாய். "மூச்சை உள்ள இழுத்தா கத்தி மாதிரி." வசனத்தை முடிக்க உனக்கு மூன்று மூச்சு வேண்டியிருந்தது. உதடு சாம்பல் நிறம். நான் உன் மணிக்கட்டைப் பிடித்து நாடியை எண்ணினேன். நிமிடத்துக்கு நூற்று முப்பது. எண்ணத் தெரிந்தது.

நேரம் எட்டரை.

ஆழத்தில் அதிக நேரம் நின்றுவிட்டு அவசரமாக மேலே வருகிறவனுக்கு இரத்தத்தில் காற்றுக் குமிழ் உண்டாகும். மூட்டு மூட்டாக நோகும், சிலருக்குக் கால் இழுக்கும். காத்துப் பிடிச்சிட்டுது என்று நம் ஆட்கள் சொல்வார்கள். அதற்கு நம் படகுகளில் எல்லாருக்கும் தெரிந்த ஒரு வைத்தியம் இருக்கிறது. ஆளைத் திரும்பத் தண்ணீருக்குள் இறக்கி, கொஞ்ச நேரம் வைத்திருந்து, மெல்ல மெல்ல மேலே கொண்டுவருவது. குமிழ் சுருங்கிவிடும். சில பேருக்கு அது சுகப்பட்டதும் உண்டு, சில பேர் அதோடு நடக்காமலே போனதும் உண்டு. சுழியோடிக்குக் கடலில் வருத்தம் வந்தால், வருத்தம் கடலால்தான் வந்தது என்று நினைக்கிற சனம் நாங்கள்.

நிசார் நானா உன் முழங்காலையும் தோளையும் அமத்திப் பார்த்தார். நீ தலையாட்டி இல்லை என்றாய். "தம்பி, இது காத்துப் பிடிச்ச மாதிரித் தெரியேல்ல" என்றார். "மூட்டு ஒண்டும் நோகேல்ல அவனுக்கு. கரைக்குப் போவம்."

நான் அவருக்குச் சொன்ன பதிலை எழுதக் கூசுகிறது. எழுதுகிறேன். "நானா, நீங்கள் எஞ்சினைப் பாருங்கோ. இது படிச்ச விசயம்."

என் பெட்டியில் ஆழத்துக்கும் நேரத்துக்குமான அட்டவணை இருந்தது, தண்ணீர் படாமல் பிளாஸ்ரிக் ஒட்டியது. அதை எடுத்துப் பார்த்தேன். ஏழு பாகம், இருபது நிமிடம். அந்தக் கணக்கில் ஒருவனுக்குக் காற்றுப் பிடிக்க வழியில்லை. அட்டவணை அப்படித்தான் சொன்னது. நானோ முந்தின நாள் நீ இரண்டு தரம் இறங்கினாய், அதுவும் சேர்ந்திருக்கும் என்று எனக்கு நானே ஒரு விளக்கம் செய்துகொண்டேன். அட்டவணையை நம்பியிருந்தால்கூட நீ தப்பியிருப்பாயோ என்னவோ. நான் நம்பியது என்னை.

உன்னைத் திரும்ப இறக்கினேன். கொண்டுவந்த என் சிலிண்டரை மாட்டிக்கொண்டு நானும் கூட இறங்கினேன். ஐந்து பாகத்தில் நாற்பது நிமிடம், பிறகு மெல்ல ஏற்றம். மேலே வந்தபோது பத்து மணிக்குக் கிட்ட. படகில் போட்டதும் நீ கையை வாயில் பொத்தி இருமினாய். கையை எடுத்தபோது உள்ளங்கையில் இளஞ்சிவப்பு நுரை. நிசார் நானா என்னைக் கேட்காமலே எஞ்சினை இழுத்தார்.

ஆஸ்பத்திரியில் இருந்தது ஒரு பெண் டொக்டர். என் வயதுதான் இருக்கும். கட்டிலில் உன்னைப் போட்டதுமே நான் தொடங்கிவிட்டேன். எத்தனை மீற்றர், எத்தனை நிமிடம், எவ்வளவு அழுத்தம், குமிழ் எங்கே நிற்கும், குமிழைக் கரைக்கிற அழுத்தக் கூண்டு உள்ள ஆஸ்பத்திரிக்கு உடனே அனுப்ப வேண்டும், எல்லாவற்றையும் ஒப்புவித்தேன். அவர் என்னை நிறுத்தச் சொல்லவில்லை. கேட்கவும் இல்லை. உன் முகத்தில் ஒக்சிசனை மாட்டிவிட்டு, ஈரக் காற்சட்டையை இரண்டு பக்கமும் முழங்காலுக்கு மேலே ஏற்றினார். இரண்டு காலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"இந்தக் கால் எத்தினை நாளா இப்பிடி?"

எனக்குத் தெரியாது. உன்னோடு அந்தக் கிழமை முழுக்க நின்றவன் நான். எனக்குத் தெரியாது.

பின்னால் இருந்து தங்கச்சி சொன்னாள். செய்தி கேட்டு ஓடிவந்தவள், சீலைத் தலைப்பு ஒரு பக்கம் இழுபட. "பன்ரண்டு நாள், டொக்டர்."

அவள் நாளை எண்ணி வைத்திருந்தாள்.

பிறகு நடந்தவை வேகமாக நடந்தன. இரத்தம் உறையாமல் இருக்க ஊசி போட்டார்கள். பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப அம்புலன்சை வாசலுக்குக் கொண்டுவந்தார்கள். அதற்குள் டொக்டர் ஒரு தாளின் பின்பக்கத்தில் எனக்குக் கீறிக் காட்டினார். அசையாமல் கிடந்த காலின் நாளத்தில் இரத்தம் கட்டியாக உறைந்திருக்கிறது. அது உடைந்து மேலே ஏறி, இதயத்துக்குள்ளால் போய், நுரையீரலுக்கு இரத்தம் கொண்டுபோகிற குழாயை அடைத்துவிட்டது. ஒரே நாளில் வந்ததல்ல, முதலில் சின்னச் சின்னத் துண்டுகளாகப் போயிருக்கும், அதுதான் அந்தக் கிழமை மூச்சு வாங்கியது என்றார். எனக்கு இரண்டாம் தரம் விளக்க வேண்டியிருக்கவில்லை. பம்பு சரி, காற்றும் சரி, நடுக்குழாய் அடைப்பு. இதைவிடச் சின்ன அடைப்புகளை நான் கண்ணை மூடிக்கொண்டு கண்டுபிடிப்பேன்.

கீழே இறங்கிய உடனே உனக்குக் கொஞ்சம் இலகுவானதே, அது ஏன் என்று கேட்டேன். ஆழத்தில் அழுத்தம் கூடுதல், அதனால் ஒவ்வொரு மூச்சிலும் ஒக்சிசன் கூடுதலாகப் போயிருக்கும் என்றார். அடைப்பு அடைப்பாகத்தான் இருந்திருக்கும். "எட்டரைக்கே கரைக்குத் திருப்பியிருந்தா?" என்று கேட்டேன். அவர் பேனையை மூடினார். "வாய்ப்புக் கூடுதலா இருந்திருக்கும். எவ்வளவு எண்டு சொல்ல ஏலாது." ஏசியிருக்கலாம். ஏசவில்லை.

இரண்டரைக்கு நீ போய்விட்டாய். அம்புலன்ஸ் வாசலில் கதவு திறந்தபடி நின்றது.

தங்கச்சி என்னிடம் கேட்டது ஒன்றுதான். எத்தனை மணிக்கு நோவு தொடங்கியது? நான் பத்து மணி என்றேன். தொடங்கிய உடனே கரைக்குத் திருப்பிவிட்டோம் என்றேன். நிசார் நானா பக்கத்தில் நின்றார். அவர் நிலத்தைப் பார்த்தார். அந்தப் பொய்யை அவர் எனக்காகச் சுமந்தார், ஆனால் அதற்குப் பிறகு அவர் தன் எஞ்சினை என்னிடம் கொண்டுவரவில்லை. முப்பத்தோராம் நாள் பூசைக்கு வந்தார், மதிலோரம் நின்றார், போனார். சனம் எல்லாம் கடல் எடுத்துவிட்டது என்று சொன்னது. தங்கச்சியும் அப்படித்தான் நம்பினாள். கடலைத் திட்டினாள். ஜன்னலை அந்தப் பக்கம் திறப்பதையே விட்டாள். காற்று வராத வீட்டுக்குள் சின்னவளுக்கு வேர்க்குரு போட்டது. அதற்கும் நான்தான் காரணம் என்று எனக்கு மட்டும் தெரியும்.

அவள் ஒருநாளும் 'நான் சொன்னன்தானே' என்று சொல்லவில்லை. ஒரு தரம் சொல்லியிருந்தால் நான் அன்றைக்கே எல்லாவற்றையும் கொட்டியிருப்பேன். அவள் சொல்லாமல் விட்டது எனக்கு வசதியாகப் போய்விட்டது.

நான் வேறு வேலைகள் செய்தேன். வாடி வாடியாகப் போய், பிளாஸ்டர் போட்டவன், நாள்கணக்காகக் கிடையில் கிடந்தவன் எவனாவது ஒரு கால் மட்டும் வீங்குகிறது என்றால் கடலுக்கு விடாதேங்கோ என்று சொன்னேன். நெஞ்சு குத்தி மூச்சு வாங்கினால் இஞ்சித் தண்ணி, நோவுக்கு எண்ணெய் என்று நிற்காமல் அந்த நிமிடமே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கோ என்று சொன்னேன். எனக்குப் பொறுமையாகச் சொல்ல வராது. சண்டை பிடிப்பது மாதிரித்தான் சொன்னேன். சிலாவத்துறையில் ஒருவன், நீர் எப்ப தம்பி டொக்டருக்குப் படிச்சது என்று கேட்டான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும். ஆனால் ஊருக்கெல்லாம் உண்மை சொல்லிவிட்டு வீட்டில் பொய்யோடு சாப்பிடுவது எவ்வளவு நாளைக்கு முடியும்?

போன ஞாயிறு பின்னேரம் போனேன். தங்கச்சி சின்னவளின் பாலர் பாடசாலைச் சட்டைக்கு அயன் பண்ணிக்கொண்டிருந்தாள். சின்னவள் நித்திரை. நான் இருக்கவில்லை, நின்றபடி சொன்னேன். பத்து மணி இல்லை, எட்டரை. நிசார் நானா கரைக்குப் போகச் சொன்னார், நான்தான் விடவில்லை. திரும்பத் தண்ணிக்குள் இறக்கினேன்.

அவள் வயரைச் செருகியிலிருந்து பிடுங்கினாள். அயனை நிமிர்த்தி வைத்தாள். நிலத்தில் இருந்தாள்.

"கீழ எவ்வளவு நேரம்?"

"நாப்பது நிமிசம்."

"அவர் அங்க என்ன செய்தவர்?"

ஒன்றேகால் வருடம் யாரும் என்னிடம் கேட்காத கேள்வி அது. நான் சொன்னேன். முதல் பத்து நிமிடம் உனக்குக் கொஞ்சம் இலகுவாக இருந்தது. நங்கூரக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாய். எனக்கு உள்ளுக்குள் சந்தோசம், கணிப்புச் சரியாகிவிட்டது என்று. கயிற்றடியில் மண்ணில் ஓர் அட்டை கிடந்தது. நீ சரிந்து போய் அதை எடுத்து என் வலைப்பைக்குள் போட்டாய். அந்த நிலைமையிலும். அதைச் சொன்னபோது தங்கச்சி வாயைக் கையால் பொத்தினாள்.

பிறகு உனக்குத் திரும்பத் தொடங்கியது. கண்ணாடிக்குள்ளே உன் கண் பெரிதாகியது. குமிழ்கள் இடைவெளி இல்லாமல் வந்தன. நீ நெஞ்சைத் தொட்டாய். பெருவிரலை மேலே காட்டினாய். தண்ணீருக்குள் அதற்கு ஒரே அர்த்தம்தான், மேலே போவோம். நான் மணிக்கூட்டைக் காட்டி, உள்ளங்கையை விரித்து, பொறு என்றேன். கொஞ்ச நேரத்தில் திரும்பவும் காட்டினாய். இந்தத் தரம் கயிற்றை விட்டுவிட்டுக் காட்டினாய். நான் உன் சிலிண்டர் வாரைப் பிடித்துக் கீழே இழுத்து வைத்துக்கொண்டு, பொறு என்றேன்.

"பிறகு?" என்றாள்.

பிறகு நீ என்னைப் பார்த்தாய். பெருவிரலையும் சுட்டுவிரலையும் சேர்த்து வட்டமாகப் பிடித்தாய்.

அவளுக்கு அது தெரியும். சின்னவளுக்கு நீ சோறு தீத்தும்போது அந்த வட்டத்தைத்தான் காட்டுவாய். "சரி எண்டோ?" என்றாள்.

"ஓம்."

அவள் சின்னவளின் சட்டையை இழுத்து மடியில் வைத்தாள். பிறகு ஒரு சிரிப்பு வந்தது, சிரிப்பு என்று சொல்லக்கூடாத ஒன்று. "நான் சொன்னா ஒரு நாளும் ரெண்டு தரத்தில சரி எண்டதில்லை" என்றாள். பிறகுதான் அழுதாள். நான் பக்கத்தில் போனேன். கையைத் தட்டிவிட்டாள். "போ அண்ணா. இப்ப போ."

போய்விட்டேன். இன்றைக்கு ஐந்து நாள். சாப்பாடு வரவில்லை, வர வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை. கூப்பிடுவாளா, கூப்பிடாமலே விட்டுவிடுவாளா, தெரியாது. அது அவளுடைய உரிமை. ஆனால் நேற்று அந்தப் பக்கமாகப் போனபோது கடல் பக்கத்து ஜன்னல் திறந்து கிடந்தது. கடலில் குற்றம் இல்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

அவளிடம் சொல்லாத ஒன்று மிச்சம் இருக்கிறது. அவள் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை. மேலே வந்த பிறகு நீ கதைக்கவில்லை. படகில் இருமல், ஆஸ்பத்திரியில் முகமூடி. அதனால் அந்த வட்டம்தான் நீ எனக்குச் சொன்ன கடைசிச் சொல். உனக்கு மூச்சு முட்டிக்கொண்டிருந்தது. நீ சரியாக இல்லை என்று உனக்குத் தெரியும். ஆனால் நான் பயந்துபோய் உன் வாரைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்து, என்னைத் தேற்றத்தான் அதைக் காட்டினாய்.

நானும் காட்டினேன், மச்சான். பதிலுக்கு விரலை வட்டமாக்கி, சரி என்று. அதற்குப் பிறகு இருபது நிமிடம் உன் பக்கத்திலேயே நின்றேன், மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு.